போன பணம் திரும்புமா? கார்டு புகார்ப் பிரிவில் நான் கற்றவை

வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் வேலை பார்த்த வருடங்களில், ஆன்லைனில் ஏமாந்தவர் போன் செய்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பணத்தை எப்படிக் கட்டினீங்க?" எந்தக் கடை, என்ன பொருள், எவ்வளவு தொகை என்பதெல்லாம் பிறகு. கார்டில் கட்டினேன் என்றால் எனக்குப் பாதி கவலை தீர்ந்துவிடும். அவர்கள் கொடுத்த அக்கவுன்ட் நம்பருக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன் என்றால், அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆன்லைனில் வாங்கும்போது எல்லோரும் கேட்பது, "இந்த சைட் உண்மையா, போலியா?" என்றுதான். நல்ல கேள்வி. ஆனால் வெளியிலிருந்து பார்த்து அதற்கு உறுதியாகப் பதில் சொல்வது வரவரச் சிரமமாகிவருகிறது. படங்கள், லோகோ, ரிட்டர்ன் விதிகள் வரை அசல் கடையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பணம் கட்டும் வழியைத் தேர்ந்தெடுப்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கார்டில் கட்டிய பணம் ஒரு சங்கிலி வழியாகப் போகிறது: உங்கள் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு மாதிரி ஒரு நெட்வொர்க், கடைக்காரரின் வங்கி, கடைசியில் கடைக்காரர். பொருள் வரவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், உங்கள் வங்கி அதே சங்கிலி வழியாகப் பணத்தைத் திருப்பிக் கேட்கும். இதுதான் சார்ஜ்பேக். பொருளைக் கொடுத்ததற்குக் கடைக்காரர் ஆதாரம் காட்ட வேண்டும். இல்லையென்றால் பணம் உங்களுக்குத் திரும்பும். கேட்பதற்குக் கெடு உண்டு. நெட்வொர்க் விதிகளில் பெரும்பாலும் 120 நாள். பொருள் வராத புகாரில் அந்தக் கணக்கு பொதுவாகப் பொருள் வந்து சேர வேண்டிய தேதியிலிருந்து ஓடும். ஆனாலும் உங்கள் வங்கி தனக்கென்று வைத்திருக்கும் கெடு என்ன என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அக்கவுன்டிலிருந்து அக்கவுன்டுக்கு அனுப்பிய பணத்துக்கு இந்த வசதி கிடையாது. நீங்களே அனுமதித்து அனுப்பியது என்றுதான் பதிவில் இருக்கும். மறுமுனையில் அந்த அக்கவுன்டை முடக்குவதற்குள் பணம் வேறெங்கோ போயிருக்கும். கிஃப்ட் கார்டு நம்பரைப் படித்துச் சொல்வதும், கிரிப்டோவில் அனுப்புவதும் இதைவிட மோசம். ஒரு கடைக்காரர் கார்டு வேண்டாம், நேராக அனுப்புங்கள், கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால், அந்தத் தள்ளுபடிக்கு நீங்கள் கொடுக்கும் விலை உங்களுடைய சார்ஜ்பேக் உரிமை. பெரிய விற்பனைத் தளங்களில் கடை வைத்திருப்பவர்கள் சாட்டில் வந்து, "தளத்துக்கு வெளியே முடிச்சுக்கலாம்" என்று கூப்பிடுவதும் இதே வகைதான். வெளியே போன நிமிடமே தளத்தின் வாங்குவோர் பாதுகாப்பு உங்களுக்கு இல்லாமல் போகிறது.

டெபிட் கார்டிலும் சார்ஜ்பேக் உண்டு. ஆனால் புகார் முடிகிறவரை வெளியே மாட்டிக்கொண்டு நிற்பது உங்கள் சொந்தப் பணம். வாடகை கட்ட வேண்டிய மாதத்தில் அது எவ்வளவு பெரிய வேதனை என்று அந்த போன்களை எடுத்தவர்களுக்குத் தெரியும். கிரெடிட் கார்டில் அந்தக் காலம் முழுவதும் மாட்டியிருப்பது வங்கியின் பணம். புதிய கடை என்றால் கிரெடிட் கார்டு, அல்லது வங்கி ஆப்பிலேயே உருவாக்கித் தரும் தற்காலிக விர்ச்சுவல் கார்டு. இரண்டும் இல்லை என்றால், ஆன்லைனுக்கென்று தனி அக்கவுன்ட் வைத்து, வேண்டிய அளவு மட்டும் அதில் போட்டு வாங்கலாம். சம்பளம் வரும் அக்கவுன்டின் கார்டை எந்த சைட்டிலும் சேமித்து வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சார்ஜ்பேக் இருக்கிறது என்பது ஏமாற்றுக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதை முறியடிக்க அவர்கள் செய்யும் வேலைகளைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒருவர் மேசை நாற்காலி ஆர்டர் செய்திருந்தார். பல வாரம் ஆகியும் வரவில்லை. கடைக்கு எழுதினால் "டெலிவரி ஆகிவிட்டது" என்று ட்ராக்கிங் நம்பரோடு பதில். கூரியர் சைட்டில் போட்டுப் பார்த்தால் உண்மையாகவே டெலிவரி ஆனதாகத்தான் காட்டுகிறது. அவர் ஊர்தான், அவருடைய பின்கோடுதான். நாங்கள் சார்ஜ்பேக் கேட்டபோது கடைக்காரர் அதையே ஆதாரமாக வைத்தார். ட்ராக்கிங் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வரிவரியாகப் பார்த்தபோது கீழே சின்ன எழுத்தில் பார்சலின் எடை இருந்தது: 50 கிராம். நாற்காலியில் ஒரு திருகாணிப் பொட்டலம்கூட அதைவிடக் கனம். அதே பின்கோடில் வேறு யாரோ ஒருவர் வீட்டுக்கு ஒன்றுமில்லாத ஒரு கவரை அனுப்பி, அந்த நம்பரை இவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கூரியர் அலுவலகத்தில் கேட்டு, அந்த நம்பர் அவருடைய முகவரிக்கு வந்ததல்ல என்று எழுதி வாங்கி வரச் சொன்னோம். அந்தக் கடிதமும் எடை விவரமும் சேர்ந்த பிறகு கடைக்காரரால் பதில் சொல்ல முடியவில்லை. பணம் திரும்பியது.

இதைப் படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "டெலிவர்டு" என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் யாராவது வாங்கியிருப்பார்கள் என்று நாள் கடத்தாதீர்கள். எடை, எந்த முகவரி, யார் கையெழுத்து, டெலிவரி போட்டோ ஆகிய நான்கையும் கூரியரிடம் கேளுங்கள். கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு வேலை இதைவிட நயமானது. நீங்கள் ஒன்று ஆர்டர் செய்வீர்கள், வருவது வேறொன்று. விலை உயர்ந்த கருவிக்குப் பதில் ஒரு மலிவான கண்ணாடி, மோதிரம், ஒரு துணித் துண்டு. புகார் சொன்னால் உடனே மிகப் பணிவாகப் பதில் வரும். "மன்னிக்கணும் மேடம், கிடங்கில் தவறு நடந்துவிட்டது. பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தொகையில் கொஞ்சம் திருப்பித் தருகிறோம்." வேண்டாம் என்றால் சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம் கூட்டுவார்கள். அதற்கும் மறுத்தால், ரிட்டர்ன் அனுப்புங்கள், ஆனால் செலவு உங்களுடையது என்று தொலைதூரத்து முகவரி ஒன்றைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் இடையில் ஒரு வாரம் ஓடும். அந்த மின்னஞ்சல்களை வரிசையாகப் படித்தால் தெரியும், அவர்கள் பேசுவது உங்களோடு அல்ல, காலண்டரோடு. கெடு தாண்டியதும் பதில் நின்றுவிடும்.

இங்கே என் அறிவுரை இது. ஒரு முறை எழுத்தில் கேளுங்கள்: முழுத் தொகையும் வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும். அந்தத் தேதி வந்தும் பணம் வரவில்லை என்றால் வங்கிக்குப் போய்விடுங்கள். நடுவில் பாதித் தொகைக்கு "சரி" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார் என்று அதையே எடுத்துக் காட்டுவார்கள். பார்சலைப் பிரிக்கும்போது மேலே ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுத்து வைப்பது பெரிய உதவி. அதைவிட முக்கியம், ஆர்டர் செய்யும் அன்றே பொருளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது. போலிக் கடைகள் சில வாரங்களில் மறைந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே என்ன படம் போட்டிருந்தார்கள், எத்தனை நாளில் தருகிறோம் என்றார்கள் என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

அடுத்தது ஓடிபி. யாரிடமும் சொல்லாதே என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்னிடம் புகார் கொண்டுவந்தவர்களில் பலர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர்களே ஒரு பக்கத்தில் டைப் செய்தார்கள். அதனால் நான் வேறு மாதிரிச் சொல்வேன்: ஓடிபி வந்த செய்தியை முழுதாகப் படியுங்கள்.

ஏன் என்றால், இப்படி நடக்கும். பார்சல் ஒன்றுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனில் ஒரு செய்தி: முகவரி சரியில்லை, மறுபடி டெலிவரி செய்ய மிகச் சிறிய கட்டணம் கட்டுங்கள், லிங்க் இதோ. இது யார் யாருக்குப் பார்சல் வர வேண்டும் என்று தெரிந்து அனுப்புவதில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பினால் எப்போதும் சிலர் பார்சலுக்குக் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். லிங்கைத் திறந்தால் கூரியர் கம்பெனியின் பக்கம் மாதிரியே இருக்கும். கார்டு நம்பர், சிவிவி போட்டதும் ஓடிபி வரும். ஒரு பெண்மணி அந்தச் செய்தியை அழிக்காமல் என்னிடம் காட்டினார். ஆறு இலக்கத்துக்கு முன்னால் இருந்த வரி, உங்கள் கார்டை மொபைல் வாலட்டில் (போனையே கார்டு மாதிரித் தட்டிப் பணம் கட்ட உதவும் ஆப்) சேர்ப்பதற்கான எண் இது என்று தெளிவாகச் சொன்னது. டெலிவரிக் கட்டணம் என்ற பேச்சே அதில் இல்லை. அவர் கண் நேராக எண்ணுக்குப் போயிருக்கிறது. நம் எல்லோருடைய கண்ணும் அப்படித்தான் போகும், நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் டைப் செய்த மறுகணம் வேறொருவருடைய போனில் அவருடைய கார்டு ஏறிவிட்டது. அதன்பின் கடைகளில் தட்டித் தட்டி வாங்கினார்கள். அதற்கெல்லாம் ஓடிபி கேட்கவே இல்லை.

தொகை என்ன, யாருக்குப் போகிறது, எதற்காக இந்த எண் என்பதெல்லாம் பொதுவாக அந்தச் செய்தியிலேயே இருக்கும். எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். எண்ணைத் தானாக நிரப்பும் வசதி போனில் இருந்தால், பணம் கட்டும் நேரத்தில் அதை நம்பாமல் செய்தியைத் திறந்து படியுங்கள்.

ஓடிபி போட்டுவிட்டேன், இனி வங்கி எதுவும் செய்யாது என்று பலர் புகாரே கொடுப்பதில்லை. அது பாதிதான் சரி. "நான் செய்யவே இல்லை" என்ற வாதம் ஓடிபிக்குப் பிறகு பலவீனமாகும், உண்மை. "நான்தான் வாங்கினேன், ஆனால் பொருள் வரவில்லை" என்ற வாதத்துக்கு ஓடிபி தடையே இல்லை. இரண்டும் வேறு வேறு புகார். படிவத்தில் தவறான கட்டத்தில் டிக் அடித்து நல்ல வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுங்கள்.

சைட்டைச் சோதிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்பது பழைய பாடம். உங்களுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவில் வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் பூட்டு சொல்லும். அந்த சைட்டை நடத்துபவர் யோக்கியர் என்று சொல்லாது. 2015 டிசம்பரிலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை, சைட் வைத்திருக்கும் யார் கேட்டாலும் இலவசமாகத் தருகிறது. இணையத்தில் ஒட்டுக்கேட்பது கடினமானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் ஏமாற்றுக்காரருக்கும் பூட்டு கிடைக்கும். மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் பிரவுசர் 2023இல் முகவரிப் பட்டியிலிருந்து பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

முகவரியை மட்டும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைப்பெயர்.சலுகை.காம் என்று இருந்தால் அந்த இடத்தின் சொந்தக்காரர் 'சலுகை', கடை அல்ல. முன்னால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பும் ஆப்) வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல காவல் கிடைக்கிறது. அது எழுத்துக்கு எழுத்து முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். எப்போதும் நிரப்பும் மேனேஜர் ஒருநாள் சும்மா இருந்தால், நீங்கள் டைப் செய்யாமல் அங்கேயே நிறுத்துங்கள். தேடும்போது மேலே வருவது பல நேரம் காசு கொடுத்து வாங்கிய விளம்பர இடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நல்ல கடையிலேயே கார்டு விவரம் திருடு போவதும் உண்டு. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் சைட்டில் பணம் கட்டும் பக்கத்தில் ஏறத்தாழ 22 வரி நிரல் ஒன்றைத் திருடர்கள் நுழைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை அங்கே டைப் செய்த கார்டு விவரங்கள் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. சைட் அசல், முகவரி அசல், வாங்கியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதற்காக 2020இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் போட்டது. இதனால்தான் ஸ்டேட்மென்டைப் படியுங்கள் என்று வற்புறுத்துகிறேன். திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் மிகச் சின்னத் தொகை ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். அற்பத் தொகைதானே என்று விட்டவர்களுக்கு அடுத்து வந்தது பெரியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் போனில் செய்தி வரும்படி வைத்தால் அந்தச் சின்னத் தொகையே உங்களை எச்சரித்துவிடும். ஆனால் ஸ்டேட்மென்டில் கடையின் பெயருக்குப் பதில் அதன் தாய் நிறுவனத்தின் பெயர் இருப்பது சகஜம். புகார் கொடுக்குமுன் ஒரு நிமிடம் உங்கள் ஆர்டர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிவ்யூக்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டு மூன்றைப் படியுங்கள். பொருளைப் பயன்படுத்தியவர் பேசுவது பெரும்பாலும் அங்கேதான். பழைய ரிவ்யூக்கள் வேறு பொருளைப் பற்றிப் பேசினால், நல்ல பெயர் எடுத்த ஒரு பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ரீஃபண்ட் வாங்கப் போய் மாட்டியவர்களின் புகார்கள்தான் என்னை மிகவும் வருத்தியவை. பொருள் பிடிக்கவில்லை, திருப்பித் தர நினைத்து, கடையின் கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடி, முதலில் வந்த நம்பருக்குப் போன் செய்திருப்பார்கள். எடுத்தவர் பொறுமையாகப் பேசுவார். "ஐயா, உங்க போன்ல இந்த ஆப்பை மட்டும் போடுங்க, நானே செஞ்சு தர்றேன்." அது உங்கள் திரையை அவர் பார்க்கும் ஆப். அல்லது, தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டோம், வேலை போய்விடும், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று அழுவார். வயதானவர்கள் இரக்கப்பட்டே அனுப்பியிருக்கிறார்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு உங்கள் பின் நம்பரோ, சிவிவியோ, ஓடிபியோ தேவையில்லை. கடையின் நம்பரை அந்தக் கடையின் ஆப்பிலிருந்தோ, ஆர்டர் உறுதியான மின்னஞ்சலிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தால், முதல் போன் வங்கிக்கு. நம்பர் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிறது, வங்கி ஆப்பிலும் இருக்கிறது. செய்தியில் வந்த நம்பருக்கு வேண்டாம். கார்டை முடக்கச் சொல்லுங்கள், மொபைல் வாலட் எதிலாவது ஏறியிருக்கிறதா என்று குறிப்பாகக் கேட்டு நீக்கச் சொல்லுங்கள், புகார் எண் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கவுன்டுக்கு அனுப்பிய பணமாக இருந்தால் வங்கிக்கும் போலீசின் இணையக் குற்றப் பிரிவுக்கும் அன்றே, அந்த மணியிலேயே சொல்லுங்கள். பணம் அந்த அக்கவுன்டிலேயே இன்னும் கிடந்தால் பிடிக்க முடியும். வெட்கத்தில் மறுநாள் வரை யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்தார்கள். வீட்டில் யாராவது இப்படி வந்து சொன்னால், முதலில் போனை எடுத்து வங்கிக்குப் போடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

புகார் எழுதும்போது ஒரு பக்கத்தில் தேதி வாரியாக எழுதுங்கள்: ஆர்டர் செய்த நாள், வர வேண்டிய நாள், கடைக்கு எழுதிய நாள், அவர்கள் பதில் சொன்ன நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஸ்கிரீன்ஷாட். கோபத்தைக் கொட்டிய நான்கு பக்கக் கடிதத்தைவிட இப்படி வந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு நாங்கள் வேகமாக வேலை செய்ய முடிந்தது.

பணம் போன சில வாரத்தில் இன்னொரு அழைப்பு வரலாம். உங்கள் பெயர், போன தொகை எல்லாம் சரியாகச் சொல்லி, மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொண்டு வருகிற அடுத்த கூட்டம் அது. போனை வைத்துவிட்டு, அந்த நம்பரையும் உங்கள் பழைய புகாரோடு சேர்த்து வங்கிக்கும் போலீசுக்கும் கொடுங்கள்.